எதிர்வீட்டைப் பார்த்த பூதம்

பூதத்தின் பார்வை நேராக எதிர்வீட்டு மாடிச் சன்னலில் போய் விழுகிறது என்பதை இமானிஷி கண்டுகொண்டபோது, கூரை வேலைக்காரர்கள் சாரத்தைப் பிரித்து வண்டியில் ஏற்றிச் சென்று ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

தெருவில் நின்றபடி அவர் முதலில் தம் கூரையைப் பார்த்தார். வெள்ளிச்சாம்பல் நிறத்தில் வரிசை பிசகாமல் அடுக்கப்பட்ட புது ஓடுகள் வைகாசி வெயிலில் அடக்கமாக மின்னின. முகட்டின் முனையில் இரண்டு கொம்பும், பிளந்த வாயும், உருண்டை மூக்குமாகச் சுட்ட மண்ணாலான பூதமுகம் அமர்ந்திருந்தது. பிறகு அம்முகம் நோக்கும் திசையில் மெல்லத் திரும்பினார். எதிர்வீட்டு ஒகுமுரா அம்மாள், திறந்த சன்னலருகே தேநீர்க் கிண்ணத்தை ஏந்தியபடி, பூதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இமானிஷி இடுப்பு வரை குனிந்து வணங்கினார். அம்மாள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"கயோ, கொஞ்சம் வெளியே வாயேன்."

அவர்தம் மனைவி கயோ ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். கூரையைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், கடைசியாகக் கணவரைப் பார்த்தார்.

"கடையிலயே நான் என்ன சொன்னேன்?"

"மேக வடிவ ஓடு போதும்னு சொன்ன."

"அது மட்டுந்தானா?"

"பூதம் யாரைப் பார்க்கும்னு முதல்ல பார்த்துட்டு வாங்குங்கன்னும் சொன்ன."

"பார்த்தீங்களா?"

"இப்பத்தான் பார்க்கிறேன்."

கியோத்தோவின் அந்தக் குறுகிய தெருவில் இது விளையாட்டுச் செய்தியன்று. வீட்டுக்கு வரும் கேட்டைக் கூரைப்பூதம் வெளியே தள்ளிவிடும். தள்ளப்பட்ட கேடு காற்றில் கரைவதில்லை. நேர் எதிரே உள்ள வீட்டில் போய் இறங்கும். ஆகையால் முகட்டு ஓடு வாங்குபவர் ஓட்டைப் பார்க்குமுன் எதிர்வீட்டைப் பார்ப்பது வழக்கம். இமானிஷியும் அத்தெருவில் பிறந்தவர்தாம். ஆசை வழக்கத்தை மறைத்துவிட்டது.

ஆசை என்பதே அவருக்குப் புதிது. நகரப் பேருந்துகளில் மறந்து விடப்பட்ட குடைகளையும் பல்செட்டுகளையும் உரியவரிடம் சேர்க்கும் அலுவலகத்தில் அவர் இருபத்தேழு ஆண்டுகளாகப் பணியாற்றி வந்தார். பிறர் பொருளைக் காத்தே பழகியவர் தமக்கென எதையும் கேட்டறியார். வீட்டின் திரைச்சீலை, சோற்றுக்கலம், அவர் மூக்கின்மேல் இருந்த கண்ணாடிச் சட்டம் ஆகிய அனைத்தும் கயோ தேர்ந்தெடுத்தவை.

கூரை ஒழுகத் தொடங்கியபோதும் அவ்வாறே நடந்தது. ஓட்டு வணிகர் தெராதாவின் முற்றத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. கயோ ஒவ்வோர் ஓட்டையும் கையில் தூக்கி, விரல் முட்டியால் தட்டி, காதருகே வைத்து ஒலி கேட்டார்.

"இந்த நீலம் எப்படி?" என்று இமானிஷி மெருகிட்ட ஓடொன்றைக் காட்டினார்.

"மழை பெஞ்சா மீன்கடை மாதிரி மினுக்கும்."

"அந்தப் பழுப்பு?"

"கருகின அரிசி பிஸ்கட்."

"அக்கா சொல்றது சரிதாங்க," என்றார் தெராதா. எவர் பேசினாலும் கயோவின் பக்கமே நிற்பது அவருடைய வணிகத் திறம்.

முடிவில் அவாஜித் தீவின் சூளையில் புகையூட்டிச் சுட்ட வெள்ளிச்சாம்பல் ஓட்டைக் கயோ தேர்ந்தார். நிலநடுக்கத்தில் நழுவாதபடி ஒன்றையொன்று கொக்கியால் பற்றிக்கொள்ளும் வகை அது. எஞ்சியது முகட்டு முனை. மேகம், அலை, குலச்சின்னம் எனத் தட்டில் பல இருந்தன. தட்டின் கோடியில் அந்தப் பூதமுகம் இருந்தது.

"இது எனக்கு வேணும்," என்று ஒரு குரல் கேட்டது.

தெராதா எழுதுகோலை நிறுத்தினார். கயோ கையிலிருந்த மேகத்தைக் கீழே வைத்தார். அக்குரல் தம்முடையதுதானா என்ற ஐயம் இமானிஷிக்கே எழுந்தது.

"எதுக்கு?" என்றார் கயோ.

"தெரியல. பார்த்தா பிடிச்சிருக்கு."

முப்பத்தோராண்டு இல்வாழ்க்கையில் இப்படியொரு விடையைக் கயோ கேட்டதில்லை. மறுக்க அவருக்குக் காரணம் அகப்படவில்லை. அவ்வாறாக வந்து சேர்ந்த பூதந்தான் இப்போது ஒகுமுரா அம்மாளை நோக்கி வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"அந்தம்மா வீட்டுக்காரர் தவறி ஒரு வருஷங்கூட ஆகல," என்றார் கயோ. "அவங்க வீட்டுக்கு நேரா நாம கேட்டைத் தள்ளிவிடறோம். நாளைக்கே கழட்டச் சொல்லுங்க."

"ஒரு வாரம் பார்ப்போம். ஒருவேளை அவங்க ஒண்ணும் நினைக்கலைன்னா?"

வியாழக்கிழமை காலையில் விடை கிடைத்தது. ஒகுமுரா அம்மாளின் இறவாரத்தின்மேல் ஒரு ஷோகி அமர்ந்திருந்தார். தாடியும் உருட்டு விழியும் கையில் வாளுமாகப் பூதங்களை விரட்டும் அந்த மண்வீரரைக் கியோத்தோவில் அறியாதார் இலர். எதிர்வீட்டுப் பூதத்துக்கு எதிராக நிறுத்தப்படுபவர் அவர். நாகரிகம் தெரிந்தவர்கள் அவரைச் சற்றே சாய்த்து வைப்பார்கள். கண்ணோடு கண் மோதலாகாது. ஒகுமுரா அம்மாளின் ஷோகியோ பூதத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

"போச்சு," என்றார் கயோ.

இமானிஷி தெராதாவுக்குத் தொலைபேசினார். "எதிர்வீட்டு ஷோகி உங்க கடையிலதானா வாங்கினாங்க?"

"ஆமாங்க. ஒரு மணி நேரம் நின்னு பார்த்துப் பார்த்து எடுத்தாங்க. ஒல்லியா இருக்கறதெல்லாம் வேணாம், நல்ல தொப்பையோட, அசையாம உட்காருற மாதிரி இருக்கணும்னாங்க."

இமானிஷி தொலைபேசியை வைத்துவிட்டு மனைவியிடம் செய்தியைச் சொன்னார்.

"மல்யுத்தத்துக்கு ஆள் எடுக்கற மாதிரி எடுத்திருக்காங்க," என்றார் கயோ. "எடை பார்த்து."

மன்னிப்புக் கேட்பதென்று முடிவாயிற்று. இமானிஷி பயற்று இனிப்புப் பெட்டியொன்றைத் துணியில் முடிந்துகொண்டு எதிர்வீட்டுக்குச் சென்றார். அம்மாளின் மருமகள் சினாட்சு கதவைத் திறந்தார்.

"அத்தை மாடியில இருக்காங்க. கூப்பிடட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம். தொந்தரவு பண்ணாதீங்க. எங்க வீட்டு வேலையால உங்களுக்கெல்லாம் சிரமம். தப்பா நினைக்காதீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க."

"அட, இதுல தப்பு என்ன இருக்கு?" என்று சினாட்சு சிரித்தார்.

அவ்வூரில் ஒருவர் சிரித்துக்கொண்டே தவறில்லை என்று சொன்னால் தவறு எவ்வளவு என்பதைப் பிறகு தாமே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். கணக்கிடவும் தேவையில்லாமற் போயிற்று. அவர் வீடு திரும்பி அரைமணி ஆகுமுன்பே சினாட்சு ஒரு பாத்திரம் நிறையச் சமைத்த மூங்கிற்குருத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

கயோ மூடியைத் திறந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார். "ஒரு வாரம் கழிச்சுப் பதில் மரியாதை வந்தா அது உறவு. அரைமணியில வந்தா, உங்க பொருள் எங்க வீட்டுல தங்கக் கூடாதுன்னு அர்த்தம்."

"குருத்து நல்லா இருக்கே," என்றார் இமானிஷி, வாயில் ஒரு துண்டுடன்.

"சாப்பிடுங்க. அதையும் சாப்பிடுங்க."

மறுநாள் தெராதாவே நேரில் வந்து வழி சொன்னார். ஷோகியின் முறைப்புக்கு மாற்று, ஒதாஃபுகு அம்மாள். உப்பிய கன்னமும் சிறுத்த கண்களுமாகச் சிரிக்கும் பெண்முக ஓடு அது.

"முறைக்கிறவனுக்கு முன்னால சிரிச்சா அவன் என்ன பண்ணுவான்? அவ்வளவுதான். பகையெல்லாம் ஆறிடும்."

ஒதாஃபுகு அம்மாள் இமானிஷி வீட்டு இறவாரத்தில் ஏறினார். ஒகுமுரா அம்மாளின் முகத்துக்கு நேரே சிரித்தால் கேலியாகிவிடும் என்று அஞ்சி, இமானிஷி அவரைச் சற்றே இடப்புறம் திருப்பி வைக்கச் சொன்னார். நாகரிகம் கருதிச் செய்த செயல். இடப்புறத்தில், ஒகுமுரா வீட்டையடுத்து, பல் மருத்துவர் ஹமாகுச்சியின் மருத்துவமனை இருந்தது. தொடர்வண்டி நிலையத்தருகே புதிய மருத்துவமனை ஒன்று வந்ததிலிருந்து அங்கே நோயாளிகள் வருவது அரிதாயிருந்தது.

"இமானிஷி-சான்," என்று மருத்துவர் தெருவில் வழிமறித்தார். "உங்க வீட்டம்மா, அதாவது கூரை மேல இருக்கற அம்மா, எங்க காலி நாற்காலியைப் பார்த்துத்தான் சிரிக்கிறாங்களா?"

"ஐயையோ, இல்லீங்க டாக்டர். அவங்க பொதுவா சிரிக்கிறாங்க."

"பொதுவா சிரிக்கிறவங்க ஏன் எங்க வாசலைப் பார்த்து சிரிக்கணும்?"

சனிக்கிழமை மருத்துவமனைக் கூரையில் ஒரு மண்சிங்கம் ஏறியது. பல் மருத்துவர் வாங்கிய சிங்கமாதலால் அதன் வாய் முப்பத்திரண்டு பல்லும் தெரியத் திறந்திருந்தது. அவ்வாய் ஒதாஃபுகு அம்மாளைத் தாண்டி, இமானிஷியின் பக்கத்து வீடான முடிதிருத்தகத்தின் மாடியில் போய் முடிந்தது. முடிதிருத்துபவர் நோனோமுரா பொறுமைசாலி அல்லர். திங்கட்கிழமையே ஒரு ஷோகியை ஏற்றினார். அந்த ஷோகி நாகரிகமாகச் சாய்ந்து நின்று அரிசிக்கடையை முறைத்தார். அரிசிக்கடைக்காரர் கேடு ஓட்டும் பீச்சம்பழ வடிவ ஓடுகள் மூன்றை வரிசையாகப் பதித்தார்.

மழைக்காலம் தொடங்குவதற்குள் அத்தெருவின் கூரைகளில் பதினோர் உருவங்கள் நின்றன. எவரும் எவரையும் குறை கூறினாரல்லர். எல்லாரும் முன்னினும் பணிவாகக் குனிந்து வணங்கினார்கள்; நிமிர்ந்ததும் ஒருவர் கூரையை மற்றவர் நோக்கினார்கள். தெராதா மட்டும் ஏணியுடன் நாள்தோறும் வந்துபோனார்.

"தெராதா-சான், என் பூதத்தைக் கழட்டிடுங்க," என்றார் இமானிஷி ஒருநாள்.

"செய்யலாங்க. ஆனா இப்ப ஆள் இல்ல. எல்லாரும் உங்க தெருவுலதான் வேலையா இருக்காங்க. மழை முடியட்டும்."

அதுவரை பொறுக்கலாகாது என்று எண்ணிய இமானிஷி, ஏணி வைத்துக் கூரையில் ஏறித் தவழ்ந்து சென்று, பூதத்தின் முகத்தை நீலத் தார்ப்பாயால் மூடிக் கயிற்றால் கட்டினார். கீழே நின்று கயோ ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கட்டி முடித்ததும் அவர் உடனே இறங்கவில்லை. தார்ப்பாயை ஒருமுறை தட்டிக்கொடுத்தார். அதைக் கயோ பார்த்தார்.

இனியாவது தெரு அமைதியுறும் என்று இமானிஷி நம்பினார். மறுநாளே நோனோமுரா கத்தரிக்கோலும் கையுமாக வாசலுக்கு வந்துவிட்டார்.

"முன்னாடியாவது அது யாரைப் பார்க்குதுன்னு தெரிஞ்சுது. இப்ப மூடி வச்சிட்டீங்க. உள்ளே எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்குதுன்னு யாருக்குத் தெரியும்?"

"மண்பூதம் எப்படிங்க திரும்பும்?"

"திரும்பாதுன்னா எதுக்கு மூடினீங்க?"

இமானிஷி குனிந்து வணங்கி அவரை அனுப்பிவைத்தார். அதனினும் கொடிய செய்தி எதிரே இருந்தது. தார்ப்பாய் ஏறிய அன்று முதல் ஒகுமுரா அம்மாளின் மாடிச் சன்னல் மூடியே கிடந்தது. முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள். அம்மாள் சரியாக உண்பதில்லை என்று சினாட்சு அரிசிக்கடையில் சொன்னாராம். தெரு முழுதும் ஒரே முடிவுக்கு வந்தது: பூதம் தள்ளிய கேடு போய்ச் சேர்ந்துவிட்டது.

ஞாயிறு பிற்பகல் தெருச் சங்கம் கூடியது. தலைவராகப் பல் மருத்துவர் ஹமாகுச்சி அமர்ந்தார். பார்லித் தேநீர் பரிமாறப்பட்டது. வானிலையைப் பற்றிக் கால்மணி நேரம் பேசியபின் மருத்துவர் தொண்டையைச் செருமினார்.

"இமானிஷி-சான், உங்க கூரை ரொம்ப அழகா இருக்கு. எல்லாருக்கும் அதுல சந்தோஷம். ஆனா அழகு கொஞ்சம் அதிகமாயிட்டதோன்னு சிலர் நினைக்கிறாங்க."

"கழட்டிடுங்கன்றார்," என்று நோனோமுரா விளக்கினார்.

"புதன்கிழமைக்குள்ள," என்றார் அரிசிக்கடைக்காரர்.

இமானிஷி எழுந்தார். அவர் கையில் ஒரு தாள் இருந்தது. அலுவலகத்தில், எப்பொருள் எந்த இருக்கையில் கிடந்தது என்று படம் வரைவது அவர் கடமை. பழக்கத்தால் தெருவையும் அவ்வாறே வரைந்திருந்தார். பதினொரு கூரை உருவங்கள், அவற்றின் பார்வைக்குப் பதினோர் அம்புக்குறிகள். மன்னிப்புக் கேட்கும்போது எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்ல வேண்டுமென்றுதான் அதை எடுத்துவந்திருந்தார். ஆனால் அந்தப் படத்தை இப்போது முழுமையாகப் பார்த்தபோது, அவர் மனத்தில் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

"கழட்டிடறேங்க," என்றார். "அதுக்கு முன்னால ஒரு சந்தேகம். டாக்டர், உங்க சிங்கம் யாரைப் பார்க்குது?"

மருத்துவர் ஓரக்கண்ணால் நோனோமுராவைப் பார்த்தார். "பூதத்தைத்தான்."

"நோனோமுரா-சான், உங்க ஷோகி?"

நோனோமுரா அரிசிக்கடைக்காரரின் முகத்தைத் தவிர்த்தார். "நானும் பூதத்தைத்தான்."

"பீச்சம்பழம்?"

"பூதத்துக்குத்தாங்க. வேற யாருக்கு?"

"சரி. புதன்கிழமை பூதம் போயிடும். வியாழக்கிழமை காலையில உங்க சிங்கம் யாரைப் பார்க்கும் டாக்டர்?"

மருத்துவர் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

இமானிஷி தாளை மேசையில் விரித்தார். மருத்துவரின் அம்பின்மேல் விரலை வைத்து மெல்ல நகர்த்தினார். விரல் நோனோமுராவின் படுக்கையறைச் சன்னலில் போய் நின்றது.

"என் வீட்டுலயா?" என்றார் நோனோமுரா, அப்போதுதான் அறிந்தவர்போல.

"உங்க ஷோகி," என்று விரல் மீண்டும் நகர்ந்தது, "அரிசிக்கடைக் கல்லாவுல."

"நான் அன்னிக்கே நினைச்சேன்," என்றார் அரிசிக்கடைக்காரர்.

"பூதம் அங்க இருக்கற வரைக்கும் நாம எல்லாரும் அதைத்தான் பார்க்கிறோம். எனக்கும் டாக்டருக்கும் சண்டை இல்ல. டாக்டருக்கும் நோனோமுரா-சானுக்கும் சண்டை இல்ல. எல்லாருக்கும் பூதத்தோட மட்டுந்தான் சண்டை. அதை எடுத்துட்டா, இத்தனை பேரும் யாரை முறைக்கிறோம்னு நாளைக்கு ஒருத்தருக்கொருத்தர் சொல்லியாகணும். சொல்லத் தயாரா இருக்கீங்கன்னா, நானே இப்பப் போய்க் கழட்டிடறேன்."

அவர் அமர்ந்தார். தம் வாழ்நாளிலேயே இடைவிடாமல் அத்தனை சொற்களைப் பேசியது அதுவே முதன்முறை.

பிறகு மருத்துவர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார்.

"யோசிச்சுப் பார்த்தா, அது நல்ல பூதந்தான்."

"சூளையில பதமா வெந்த மண்ணுங்க," என்றார் நோனோமுரா. "பார்த்தாலே தெரியுது."

"தெருவுக்கே ஒரு களை," என்றார் அரிசிக்கடைக்காரர்.

இமானிஷி வீட்டுப் பூதம் எக்காரணம் பற்றியும் அகற்றப்படலாகாது என்றும், தார்ப்பாயை அன்றே நீக்க வேண்டும் என்றும், ஆண்டுக்கொரு முறை சங்கமே பூதத்தைக் கழுவிவிடும் என்றும் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. ஒகுமுரா வீட்டுச் சார்பில் வந்திருந்த சினாட்சுதான் எல்லாருக்கும் முந்திக் கையை உயர்த்தினார். மாமியாரின் நிலைமையிலும் இவ்வளவு பெருந்தன்மையா என்று இமானிஷி உள்ளம் உருகினார்.

வீடு திரும்பும் வழியில் கயோ அவருக்கு ஓரடி பின்னால் நடந்துவந்தார். எப்போதும் முன்னால் நடப்பவர் அவர்.

"நல்லா பேசினீங்க."

"அப்படியா?"

"இன்னொரு தடவை பேசணும்னு இல்ல. ஆனா நல்லா பேசினீங்க." சற்று நடந்தபின், "அந்த மேக ஓடு நம்ம கூரைக்கு எடுபட்டிருக்காதுங்க," என்றார்.

இமானிஷி கூரையேறிக் கயிற்றை அவிழ்த்தார். கீழே தெருவே கூடி நின்று அண்ணாந்து பார்த்தது. தார்ப்பாய் சரிந்து விழ, பூதம் மழை மேகங்களின்கீழ் வாயைப் பிளந்து வெளிப்பட்டது. நோனோமுரா முதலில் கைதட்டினார், மற்றவர்கள் தொடர்ந்தார்கள். இமானிஷி முகட்டைப் பற்றியபடி, தாம் தேர்ந்தெடுத்த ஒன்றின் பக்கத்தில், நெஞ்சு நிமிர்த்தி நின்றார்.

எதிரே மாடிச் சன்னல் திறந்தது. ஒகுமுரா அம்மாள் கிண்ணமும் உணவுக்குச்சிகளுமாக வந்து சன்னலோரம் அமர்ந்தார், பூதத்தைப் பார்த்தார், ஒரு வாய்ச் சோறு உண்டார்.

ஏணியருகே நின்ற சினாட்சு கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்துச் சொன்னார்:

"அப்படியே தவறிப்போன எங்க மாமா மூஞ்சிங்க அது, அவருக்குத் தனியா உட்கார்ந்து குடிக்கப் பிடிக்காதுன்னுதான் அத்தை எதிர்ல ஒரு ஷோகியை உட்கார வச்சாங்க."